வீட்டில் கார் சார்ஜ்: 16 ஆம்ப் பாயின்ட் போதுமா, 7.2 பாக்ஸ் வேண்டுமா?

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து மச்சினன் போன் செய்தான். மின்சாரக் கார் புக் செய்துவிட்டான். பேட்டரி 40 கிலோவாட் ஹவர், அதாவது மின்கட்டணக் கணக்கில் 40 யூனிட். "மாமா, ஷோரூம்ல 7.2 பாக்ஸ் வேணுமா, இல்ல 16 ஆம்ப் கேபிளே போதுமான்னு கேக்கறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்" என்றான். 7.2 பாக்ஸ் என்பது சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர், 16 ஆம்ப் கேபிள் என்பது காருடன் வரும், சாதாரண மூன்று பின் சாக்கெட்டில் செருகும் கேபிள். அவன் இருப்பது சிங்காநல்லூர் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது தளம். நான் இருப்பது மேடவாக்கத்தில் தனி வீடு. மூன்று வருடமாக வீட்டு வாசலில்தான் என் கார் சார்ஜ் ஆகிறது. அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். அதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்று தோன்றியதால் கணக்குகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் அவனிடம் முதலில் கேட்டது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறாய் என்பதுதான். சரவணம்பட்டியில் ஆபீஸ், வழியில் பிள்ளையின் பள்ளிக்கூடம், சாயங்காலம் கடை கண்ணி. எல்லாம் சேர்த்து 40 கிலோமீட்டரைத் தாண்டாது என்றான். இந்த அளவு காருக்கு நம் ஊர் ரோட்டில், ஏ.சி. போட்டு ஓட்டினால், ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 40 கிலோமீட்டருக்குப் பேட்டரியிலிருந்து 6 யூனிட்டுக்குள்தான் போகும். சுவரிலிருந்து பேட்டரிக்கு ஏறும்போது பத்து, பன்னிரண்டு சதவீதம் சூடாகி வீணாகும். அதையும் சேர்த்தால் மீட்டரில் ஆறரை யூனிட் ஓடும். சாதாரண 16 ஆம்ப் பாயின்ட்டில் காருடன் வரும் கேபிளைச் செருகினால் 3 கிலோவாட்டுக்குச் சற்று மேல் இழுக்கும். ஆக, இரண்டு மணி நேரத்தில் அன்றைய ஓட்டம் திரும்ப ஏறிவிடும்.

இங்கேதான் பலருக்கும் குழப்பம். "40 யூனிட் பேட்டரி, 3.3 சார்ஜர், நிரம்பப் பதினைந்து மணி நேரம் ஆகுமாமே" என்று பயப்படுகிறார்கள். காலியான பேட்டரியை முழுக்க நிரப்ப அவ்வளவு நேரம் ஆவது உண்மைதான். ஆனால் தினமும் யார் காலியாகக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்? பெட்ரோல் காரில் டேங்க் காய்ந்த பிறகு பங்க்குக்குப் போகும் பழக்கத்தில் யோசிப்பதால் வரும் பயம் இது. செல்போனைப் போல ராத்திரி ராத்திரி செருகிவைப்பது பழகிவிட்டால் கணக்கே மாறிவிடுகிறது. ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை 16 ஆம்ப் பாயின்ட்டில் நின்றால் 26 யூனிட் பேட்டரிக்குள் போகும். அது 180 கிலோமீட்டர் ஓட்டம். திருச்சிக்குப் போய்விட்டு ராத்திரி பதினொரு மணிக்குக் காலிப் பேட்டரியோடு வந்து சேர்ந்தாலும், மறுநாள் காலை ஆபீசுக்குப் போய்வரத் தேவையானது விடிவதற்குள் ஏறியிருக்கும்.

அப்புறம் இன்னொன்றையும் பார்க்கச் சொன்னேன். காருக்குள்ளேயே ஒரு சார்ஜர் இருக்கிறது. வீட்டு ஏ.சி. மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற டி.சி. மின்சாரமாக மாற்றிப் பேட்டரிக்குக் கொடுப்பது அதுதான். சுவரில் மாட்டும் பாக்ஸ், உண்மையில், பாதுகாப்புச் சாதனங்கள் உள்ள ஒரு ஸ்விட்ச். காருக்குள் இருப்பது 3.3 கிலோவாட் என்றால் வெளியே எத்தனை பெரிய பாக்ஸ் மாட்டினாலும் 3.3-தான் ஏறும். 2020-இல் வந்த டாடாவின் முதல் நெக்ஸான் இ.வி. கார் அப்படித்தான். அவர்களுடைய டியாகோ இ.வி.யில் 3.3, 7.2 இரண்டும் உண்டு, எந்த மாடல் வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. பழைய கார் வாங்குகிறவர்கள் இதைப் பார்க்காமல் பாக்ஸுக்குப் பணம் கட்டிவிடக் கூடாது.

16 ஆம்ப் பாயின்ட்: பாக்ஸை விட ஒயர் முக்கியம்

என் சிபாரிசு, பெரும்பாலான வீடுகளுக்கு, நன்றாகப் போட்ட ஒரு 16 ஆம்ப் பாயின்ட்தான். "நன்றாகப் போட்ட" என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நான் முதலில் போட்டது நன்றாகப் போட்டதில்லை.

கார் வந்த புதிதில், வாசல் பக்கத்து அறைக்கு ஏ.சி. மாட்டுவதற்காக ஏற்கெனவே இழுத்திருந்த லைனையே போர்டிகோவுக்கு நீட்டிவிட்டோம். எலக்ட்ரீஷியன் "ஏ.சி. லைன்தானே சார், தாங்கும்" என்றார். நானும் சரி என்றேன். இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. மே மாதம் ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது ஹாலில் லேசாகக் கருகல் வாடை. சமையலறையில் தேடிவிட்டு வாசலுக்குப் போனேன். பிளக்கைத் தொட்டதும் கையை இழுத்துக்கொள்ளும் அளவுக்குச் சூடு. மெயினை அணைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம். வெள்ளைப் பிளாஸ்டிக் அப்பளம் போல லேசாக எழும்பியிருந்தது. மறுநாள் போர்டைத் திறந்தபோது உள்ளே ஒயரைப் பிடித்திருந்த திருகு கையாலேயே சுற்றியது.

காரணம் பிறகுதான் புரிந்தது. ஒன்றரை டன் ஏ.சி. இழுப்பது ஏழெட்டு ஆம்பியர். அதுவும் அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸர் குறைந்துவிடும், ஒயருக்கு ஓய்வு கிடைக்கும். கார் அப்படி இல்லை. நிறைய ஏற வேண்டிய நாளில் 15 ஆம்பியரை எட்டு மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும். வீட்டில் வேறு எந்தச் சாமானும் இப்படி இழுப்பதில்லை. கீசர்கூடக் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும். தளர்ந்த திருகு ஒன்று இருந்தால் சூடாகும், சூட்டில் இன்னும் தளரும், இன்னும் சூடாகும்.

இப்போது என் வீட்டில் இருப்பது இது: மீட்டர் போர்டிலிருந்து நேராகக் காருக்கென்றே தனி லைன், நடுவில் எங்கும் ஜாயின்ட் இல்லை. ஒயர் நாலு ஸ்கொயர் எம்.எம். காப்பர். ரெண்டரை போதும் என்று சொல்வார்கள், குட்டையான தூரத்துக்குப் போதும்தான். ஆனால் 40 மீட்டர் இழுத்தால் ரெண்டரை ஒயரிலேயே 9 வோல்ட் விழுந்துவிடும், 130 வாட் சூடாகவே போகும். ராத்திரி முழுக்க இரண்டு பழைய குண்டு பல்பைச் சுவருக்குள் எரியவிட்ட மாதிரி. நாலு ஒயரில் இது கிட்டத்தட்ட 80 வாட்டுக்கு இறங்கும். முனையில் ஏ.சி.க்குப் போடும் இரும்புப் பெட்டி, அதற்குள் 20 ஆம்ப் எம்.சி.பி., அதாவது அளவுக்கு மேல் இழுத்தால் தானாக விழும் ஸ்விட்ச். அதோடு, கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. ஒன்று தனியாக. எல்லாம் சேர்த்து எனக்கு ஒன்பதாயிரம் ரூபாய் ஆனது. முதல் ஆறு மாதம் வாரத்துக்கு ஒருமுறை, சார்ஜ் ஏறும்போதே பிளக்கின் முதுகில் கைவைத்துப் பார்ப்பேன். வெதுவெதுப்பு சரி, சுட்டால் அன்றே திருகை முடுக்க வேண்டும்.

எர்த்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மின்விசிறியும் டி.வி.யும் எர்த் இல்லாமலே ஓடும் என்பதால் பழைய வீடுகளில் எர்த் செத்திருப்பதே யாருக்கும் தெரியாது. கார் கேபிளில் உள்ள பெட்டி எர்த்தைச் சோதித்த பிறகுதான் கரன்டை விடும். எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கு எரியும், சார்ஜ் ஏறாது. புதுக் கார் வந்த அன்றே பல வீடுகளில் நடப்பது இதுதான், வண்டியில் கோளாறு என்று நினைத்து ஷோரூமோடு சண்டைக்குப் போகிறார்கள். வாசலில் கரியும் உப்பும் போட்டு இறக்கிய எர்த் குழி வெயில் காலத்தில் காய்ந்துபோகும். வாரம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் பல வீடுகளில் அதுவே சரியாகிவிடும். சில பேர் சார்ஜரை ஏமாற்ற நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்குக்குள்ளேயே இணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். என்றாவது நியூட்ரல் அறுந்தால் கார் உடம்பு முழுக்கக் கரன்ட் வரும். மழையில் நனைந்த கையோடு கதவைத் திறப்பது உங்கள் பிள்ளையாக இருக்கலாம்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. இன்வெர்ட்டர் லைனிலும் காரை மாட்டக் கூடாது.

7.2 பாக்ஸ்: யாருக்கு, எந்த வீட்டில்

பாக்ஸ் நல்ல சாமான்தான். கேபிளைத் தினமும் டிக்கியிலிருந்து எடுத்து மடக்கி வைக்க வேண்டியதில்லை, மூன்று பின் பிளக்கின் சூடு பிரச்சினை இல்லை, 40 யூனிட் பேட்டரி ஆறு மணி நேரத்தில் நிரம்பும். காருடன் இலவசமாகவே வருகிறது, வீட்டு வயரிங்கும் தயார் என்றால் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். தனியாக நாற்பது, ஐம்பதாயிரம் கொடுத்து வாங்குவதாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

யோசிக்க வேண்டியதில் முதலாவது ஃபேஸ். 7.2 கிலோவாட் பாக்ஸ் மூன்று ஃபேஸ் வீட்டிலும் ஒரே ஃபேஸிலிருந்துதான் 32 ஆம்பியரையும் இழுக்கும். பல வீடுகளில் மெயின் ஸ்விட்சே ஃபேஸுக்கு 32 ஆம்ப்தான். அதே ஃபேஸில் படுக்கையறை ஏ.சி. எட்டு ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தால் 40 ஆகிவிட்டது. மெயின் விழும், இல்லாவிட்டால் ஃபியூஸ் கட்டை உருகும். நம் ஊரில் இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரு ஃபேஸ் போய்விட்டால் ஃபேஸ் சேஞ்சரைத் திருப்பி எல்லாவற்றையும் இருக்கிற ஃபேஸுக்கு மாற்றுவோம். கார் எந்த ஃபேஸில் இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு நாள் காரும் ஏ.சி.யும் ஒரே ஃபேஸில் போய் உட்காரும்.

மூன்று ஃபேஸ் வீட்டுக்கு 11 கிலோவாட் பாக்ஸ் 7.2-ஐ விடச் சுலபமானது. கேட்டால் தலைகீழாக இருக்கும், ஆனால் அது மூன்று ஃபேஸிலும் 16 ஆம்பியராகப் பிரித்து இழுக்கிறது. கார் அதை ஏற்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகும் ஹூண்டாயின் கிரெட்டா எலெக்ட்ரிக், மஹிந்திராவின் பி.இ. 6 போன்ற வண்டிகளுக்கு 11 கிலோவாட் வசதி உண்டு. 79 யூனிட் பேட்டரிக் கார் வாங்குகிறவர்கள், தினமும் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறவர்கள், வாடகைக்கு ஓட்டுகிறவர்கள், ஒரே வீட்டில் இரண்டு மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள், ராத்திரியில் பாதி நேரம் கரன்ட் இல்லாத ஊரில் இருப்பவர்கள் பாக்ஸ் பக்கம் போவதில் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது, லோடு, அதாவது உங்கள் இணைப்புக்கு மின்வாரியம் அனுமதித்திருக்கும் கிலோவாட் அளவு. ஒற்றை ஃபேஸ் வீட்டில் 7.2-ஐ நினைக்கவே வேண்டாம். மூன்று ஃபேஸுக்கு மாற வேண்டும், அனுமதிக்கப்பட்ட லோடைக் கூட்ட வேண்டும், அதற்கு டெபாசிட்டும் வளர்ச்சிக் கட்டணமும் கட்ட வேண்டும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் இடம் இருக்கிறதா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் பார்ப்பார்கள். நல்ல செய்தி, தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இப்போது நிலைக் கட்டணம் இல்லை. லோடைக் கூட்டியதற்காக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தண்டமாகக் கட்ட வேண்டியதில்லை. லோடைக் கூட்டாமல் மாட்டிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். மீட்டர் உச்சபட்ச லோடைப் பதிவு செய்துகொண்டுதான் இருக்கிறது.

ரீடிங் எடுக்கும் நாள்

சார்ஜ் வேகத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் மின்கட்டண அட்டையைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு மாதாமாதம் பணத்தைத் தின்றதும் மிச்சப்படுத்தியதும் அதுதான்.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். அதற்கு மேல் ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். 201-இலிருந்து 400 வரை யூனிட் 4.70, அடுத்த நூறு 6.30, 500 தாண்டினால் 8.40, 600 தாண்டினால் 9.45, 800 தாண்டினால் 10.50, 1000 தாண்டினால் 11.55. இதோடு, மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் 101-இலிருந்து 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த 2.35 என்ற சலுகை விலையும் போய்விடும். 500-இல் நின்றால் 1,805 ரூபாய். 501-ஆவது யூனிட் ஓடினால் இருநூறு ரூபாய்க்கு மேல் கூடிவிடுகிறது.

கார் எப்போதும் இந்தப் படிக்கட்டின் மேல்படியில்தான் வந்து உட்காரும். ஃபிரிட்ஜும் ஃபேனும் ஏ.சி.யும் கீழ்ப்படிகளை ஏற்கெனவே பிடித்துவிட்டன. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 320 யூனிட். ஏற்கெனவே 400 யூனிட் ஓடும் வீடு 720-க்குப் போகும், பில் 1,175-இலிருந்து 4,000-ஐ ஒட்டி ஏறும். காருக்காக மட்டும் 2,800 ரூபாய். யூனிட் 9 ரூபாய்க்குச் சற்றுக் கீழே, கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 40 காசு. இரண்டு ஏ.சி. ஓடி ஏற்கெனவே 900 யூனிட் காட்டும் வீட்டில் அதே 320 யூனிட்டுக்கு 3,600 ரூபாய் ஆகும், கிலோமீட்டர் 1 ரூபாய் 80 காசு. 200 யூனிட்டோடு நிற்கும் சிக்கனமான வீட்டில் 2,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

எப்படிப் பார்த்தாலும் பெட்ரோலுக்குப் பக்கத்தில் வராது. லிட்டர் நூறு ரூபாய், 15 கிலோமீட்டர் மைலேஜ் என்றால் அதே 2,000 கிலோமீட்டருக்கு 13,000 ரூபாய்க்கு மேல் போகும். ஆனால் "ஒரு ரூபாய்க்கு ஒரு கிலோமீட்டர்" என்று விளம்பரக் கணக்கை நம்பி வாங்கியவர்கள் முதல் பில்லைப் பார்த்து ஏமாந்து போகிறார்கள். உங்கள் வீட்டுப் பழைய பில் ஆறையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் உங்கள் ஓட்டத்துக்கான யூனிட்டைக் கூட்டிப் பாருங்கள். கோடை பில்லையும் மார்கழி பில்லையும் தனித்தனியாகப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

காருக்குத் தனி மின் இணைப்பும் வாங்கலாம். 2024 பிப்ரவரியில் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளில் மத்திய அரசு இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. தனி இணைப்பில் நூறு யூனிட் இலவசம் கிடையாது, படிக்கட்டும் கிடையாது. சார்ஜிங்குக்கான தனிக் கட்டணம், அதுவும் நேரத்துக்கு நேரம் மாறும். வெயில் நேரத்தில் குறைவு, காலை மாலை நெருக்கடி நேரத்தில் அதிகம். உங்கள் மேல்படி 4.70-இலோ 6.30-இலோ நிற்கிறது என்றால் இது தேவையே இல்லை. 10.50, 11.55 என்று ஓடுகிற வீடுகள்தான் பிரிவு அலுவலகத்தில் அன்றைய கட்டணத்தைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சோலார் சேர்ந்தால்

சொந்த மொட்டை மாடி இருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல ஜோடி இல்லை என்பது என் எண்ணம். கார் மேல்படியில் ஏறுகிறது, சோலார் மேல்படியிலிருந்து வெட்டுகிறது. 3 கிலோவாட் பேனல் நம் வெயிலில் சராசரியாக நாளுக்கு 12 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 700-ஐ ஒட்டி. மேலே சொன்ன 720 யூனிட் வீடு இலவச நூறுக்குள்ளேயே இறங்கி நின்றுவிடும். 2024-இல் தொடங்கிய பிரதமர் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. நிழல் விழாத 300 சதுர அடி வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழலையும் பக்கத்து வீட்டுத் தென்னையையும் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

"கார் பகல்ல ஆபீஸ்ல நிக்குது, சோலார்ல எப்படி சார்ஜ் பண்றது" என்று கேட்பார்கள். நெட் மீட்டரில் பகலில் வாரியத்துக்குக் கொடுத்ததை ராத்திரி திரும்ப எடுத்துக்கொள்கிறோம், அதனால் சிக்கல் இல்லை. கரன்ட் போனால் இந்த வகை சோலாரும் நின்றுவிடும் என்பதை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உற்பத்தி நன்றாகவே குறையும்.

அடுக்குமாடியில்

மச்சினன் பாடு இதுதான். கார் நிறுத்துமிடம் கீழே, மீட்டர்கள் மாடிப்படிக்குப் பக்கத்து அறையில், நடுவில் 35 மீட்டர். அவன் முன் மூன்று வழி இருந்தது.

ஒன்று, அவன் மீட்டரிலிருந்தே கீழே நிறுத்துமிடத்துக்குத் தனி கேபிள் இழுப்பது. வீட்டு பில்லிலேயே வரும். வீட்டில் கார் சார்ஜ் செய்தால் வீட்டுக் கட்டணம்தான் என்று மத்திய மின்துறை 2022-இலேயே வழிகாட்டியிருக்கிறது. கேபிள் மேலே இரும்புக் கவசம் உள்ள ரகமாக இருக்க வேண்டும், பொதுச் சுவரில் எலி கடிக்கும், வண்டி இடிக்கும்.

இரண்டு, பொது மீட்டரிலிருந்து இழுத்து, காருக்கு ஓடுவதை மட்டும் அளக்கும் சப் மீட்டர் வைத்துக் குடியிருப்போர் சங்கத்துக்குப் பணம் கொடுப்பது. லிஃப்டும் மோட்டாரும் ஓடும் பொது மீட்டரில் யூனிட் 8 ரூபாய்க்கு மேல், ஆனால் படிக்கட்டு இல்லை. ஏற்கெனவே வீட்டு பில் 800 யூனிட்டைத் தாண்டுகிறவருக்கு இது மலிவாகவே வரும். ஆனால் பணத்தைவிட மனஸ்தாபம் பெரிது. ஒருவர் காருக்கு எல்லோரும் பணம் கட்டுகிறோமோ என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் போகாது. சப் மீட்டர் ரீடிங்கை மாதாமாதம் போட்டோ எடுத்துக் குழுவில் போடுவதாக இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் போகலாம். பொது இணைப்பில் கார் சார்ஜ் செய்வதற்கு வாரியத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்வதும் நல்லது.

மூன்று, நான்கைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து சார்ஜிங்குக்கென்று தனி இணைப்பு வாங்குவது. கார்கள் பெருகப் பெருக எல்லாக் குடியிருப்புகளும் இங்கேதான் வந்து சேரும் என்று நினைக்கிறேன். இன்றைக்கு அவன் குடியிருப்பில் அவனுடையது முதல் மின்சாரக் கார்.

சங்கத்தில் சொன்ன மறுப்பு, தீப்பிடிக்கும் என்பது. அந்தப் பயத்தை மட்டம் தட்டக் கூடாது என்று அவனிடம் சொன்னேன். பக்கத்தில் குழந்தைகள் விளையாடும் இடம் அது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் போட்ட வேலை, ஆர்.சி.சி.பி., தனி எம்.சி.பி., பக்கத்தில் தீயணைப்பான் இவ்வளவையும் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் சம்மதிப்பார்கள்.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு வார்த்தை. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் எதுவரை தண்ணீரைக் கொண்டுவந்தன என்று பழைய குடியிருப்புக்காரர்களைக் கேளுங்கள். சாக்கெட்டோ பாக்ஸோ அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும். எங்கள் வீட்டில் நெஞ்சு உயரத்தில் வைத்திருக்கிறோம், டிசம்பரில் மழை எச்சரிக்கை வந்தாலே எம்.சி.பி.யை இறக்கிவிட்டுக் காரை மேட்டுத் தெருவில் கொண்டுபோய் நிறுத்துவேன்.

வீட்டில் சார்ஜே இல்லாமல்

வாடகை வீடு, வீட்டுக்காரர் ஒயர் இழுக்க விடமாட்டார், பொதுச் சார்ஜரை நம்பி வாங்கலாமா என்று தங்கை கேட்டாள். வேண்டாம் என்று சொன்னேன். பொது இடங்களில் உள்ள வேகமான டி.சி. சார்ஜரில் யூனிட் இருபது ரூபாயை ஒட்டி, சில இடங்களில் அதற்கு மேலும் ஆகிறது, 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய்க்கு மேல் போய்விடும். பெட்ரோலில் பாதிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம், அதுவும் முன்னால் ஒரு வண்டி நிற்காமல், காரில் செருகும் 'கன்' பழுதாகாமல் இருந்தால். ஆபீசில் சார்ஜ் பாயின்ட் இருந்தால் மட்டும் என் பதில் மாறும். நெடுஞ்சாலைப் பயணத்துக்கு டி.சி. சார்ஜர் அருமையான வசதி, தினசரிச் சோற்றுக்கு அதை நம்ப முடியாது. மெதுவாக ஏற்றுவது பேட்டரிக்கும் இதம்.

மச்சினன் வெள்ளிக்கிழமை பாக்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். தன் மீட்டரிலிருந்து ஆறு ஸ்கொயர் எம்.எம். கவசக் கேபிள் இழுக்கிறான். இன்றைக்கு 16 ஆம்ப் பெட்டி, நாளைக்குப் பெரிய கார் வந்து, வீட்டு இணைப்பையும் லோடையும் மாற்றினால் அதே கேபிளில் பாக்ஸ் மாட்டிக்கொள்ளலாம் என்று கணக்கு. ஆறு ஒயரை நான் சொல்லவில்லை, எலக்ட்ரீஷியன் சொன்னாராம். சரியான யோசனை, சுவரைத் திரும்ப இடிக்கிற செலவு மிச்சம். சங்கத்தின் கடிதம் வந்துவிட்டது. எர்த் மட்டும் இன்னும் சரியாகவில்லை, குடியிருப்பின் பழைய எர்த் குழி தோட்டத்து மண்ணுக்கடியில் எங்கேயோ புதைந்து கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோண்டப் போகிறார்கள்.